மாமனாருக்குக் கிடைத்த தேய்ந்த வெள்ளிக் காசு யாருடையது?

கேள்வி: எங்கள் ஊர் உடுமலைப்பேட்டைக்குப் பக்கத்துக் கிராமம். என் மாமனார் இளைஞராக இருந்தபோது தோட்டத்தில் கிணறு வெட்டினார்களாம். அப்போது ஒரு மண் கலயம் உடைந்து வெள்ளிக் காசுகள் கொட்டியிருக்கின்றன. வேலைக்கு வந்தவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும் ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போக, அவர் கையில் ஒன்றுதான் மிஞ்சியது. மாமியார் அதைச் சங்கிலியில் கோத்துச் சில காலம் போட்டிருந்தார். பிறகு பூஜைத் தட்டில் வைத்துவிட்டார். ஒரு பக்கம் வலப்புறம் பார்க்கும் தலை, கன்னத்தில் பிறை போன்ற ஒரு வெட்டு. மறுபக்கம் மேடாக ஏதோ உருவம். விளிம்பருகே ஒரு பெருக்கல் குறி மட்டும் தெரிகிறது. நகைக்கடையில் நிறுத்ததில் 3.41 கிராம், குறுக்களவு ஏறக்குறைய 18 மில்லிமீட்டர். பழைய வெள்ளி, எடைக்கு எடை எடுத்துக்கொள்கிறேன் என்கிறார் கடைக்காரர். உறவினர் ஒருவர் அலெக்சாண்டர் காசு என்கிறார். எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்தால் எழுத்து தெரியும் என்கிறான் என் மகன். இது யாருடைய காசு? என்ன செய்யலாம்? படங்கள் இணைத்திருக்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் எலுமிச்சம்பழத்தைச் சமையலறைக்கே அனுப்பிவிடுங்கள். புளி, விபூதி, பூந்திக்கொட்டை, பல்பொடி, கடையில் விற்கும் வெள்ளி பாலிஷ் எதுவும் இந்தக் காசின் மேல் படக்கூடாது. தேய்ந்த காசில் மிஞ்சியிருப்பது ஒரு மயிரிழை உயர வேறுபாடுதான். பள்ளத்தில் படிந்த கறுப்பும் மேட்டில் தெரியும் வெளுப்பும் சேர்ந்துதான் அந்த வேறுபாட்டை நம் கண்ணுக்குக் காட்டுகின்றன. கறுப்பைக் கரைத்துவிட்டால் எழுத்து தெளியாது; இப்போது தெரிகிற பெருக்கல் குறியும் மறைந்து வழவழப்பான வெள்ளித் தகடுதான் கையில் நிற்கும். அப்படிப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவரப்பட்ட காசுகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் வலிக்கிறது. இரண்டாயிரம் ஆண்டு மண்ணுக்குள் தப்பியது ஒரு பிற்பகலில் போய்விடுகிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். படத்தில் தெரிவதையும் நீங்கள் தந்த எடையையும் வைத்துப் பார்த்தால், இது ரோமப் பேரரசர் திபேரியஸ் ஆட்சியில், அதாவது கி.பி. 14க்கும் 37க்கும் இடையில் அடிக்கப்பட்ட தினாரியஸ் என்னும் வெள்ளிக் காசு. இந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதை விளக்கமாகவே எழுதுகிறேன். உங்கள் பக்கத்தில் இன்னும் பல வீடுகளில் இப்படிப்பட்ட காசுகள் இருக்க வாய்ப்புண்டு. அவர்களுக்கும் இது பயன்படட்டும்.

தேய்ந்த காசைக் கையில் எடுத்ததும் எழுத்தைத் தேடுவதுதான் எல்லோருடைய வழக்கம். நான் முதலில் எடையையும் உருவத்தின் அமைப்பையும்தான் பார்ப்பேன். அகஸ்டஸ், திபேரியஸ் காலத்தில் ஒரு ரோம ராத்தல் வெள்ளியில் 84 தினாரியஸ்கள் அடித்தார்கள். அச்சிலிருந்து வந்த புதுக்காசு 3.8, 3.9 கிராம் இருக்கும். கி.பி. 64இல் நீரோ மன்னர் அதே ராத்தலுக்கு 96 காசு என்று மாற்றி, வெள்ளியின் தரத்தையும் குறைத்தார். அதற்குப் பிறகு புதுக்காசே 3.4 கிராம் அளவில்தான் நிற்கும். உங்கள் காசு இவ்வளவு தேய்ந்த பிறகும் 3.41 இருக்கிறது என்றால், அது பழைய கனத்தில் அடிக்கப்பட்டுத் தேய்ந்து இந்த எடைக்கு வந்தது என்று கொள்வதே பொருத்தம். ஆக, நீரோவின் மாற்றத்துக்கு முந்தைய காசு.

இந்த எடையே வேறு சில சந்தேகங்களையும் தீர்த்துவிடுகிறது. ரோமக் காசு என்று நினைத்து அனுப்பப்படுபவற்றில் விக்டோரியா கால் ரூபாய்கள் உண்டு. அதுவும் வெள்ளி, அளவும் ஏறக்குறைய இதே. ஆனால் எடை 2.92 கிராம், அரசியின் முகம் இடப்புறம் பார்க்கும், விளிம்பில் சீரான வரிகள் இருக்கும். உங்கள் காசின் விளிம்பில் வரியே இல்லை. வட்டமும் ஒழுங்கில்லாமல் ஓரிடத்தில் தட்டையாக இருக்கிறது. சுத்தியலால் அடித்த காசுக்கு அது இயல்பு. மேற்கு இந்தியாவை ஆண்ட சத்ரப மன்னர்களின் வெள்ளிக் காசிலும் வலப்புறம் பார்க்கும் தலை உண்டு. அது இன்னும் சிறியது, இரண்டு கிராமைச் சுற்றித்தான் இருக்கும். பின்புறம் வளைவுகளை அடுக்கிய மலைச் சின்னமும் பிராமி எழுத்தும் இருக்கும். அலெக்சாண்டரின் வெள்ளிக் காசு என்றால் சிங்கத்தோல் போர்த்திய தலை ஒரு பக்கமும், கையில் கழுகுடன் அமர்ந்த சீயஸ் தெய்வம் மறுபக்கமும் இருக்க வேண்டும். உங்கள் காசில் இருப்பது சிங்கத்தோல் இல்லை. பிடரியைப் பாருங்கள்: இரண்டு மெல்லிய கோடுகள் கழுத்தை ஒட்டிக் கீழே தொங்குகின்றன. தலையில் சூட்டிய இலைமாலையைப் பின்னால் முடிந்த நாடாவின் நுனிகள் அவை. காதுக்கு மேலுள்ள முடியும் கன்னமும் காசின் மேடான பகுதிகள் என்பதால் முதலில் தேய்ந்துவிடும். நாடா தாழ்வான இடத்தில் இருப்பதால் மாலை முழுதும் மறைந்த பிறகும் நுனி மட்டும் தங்கிவிடுகிறது.

தமிழ்நாட்டு மண்ணில் கிடைக்கும் ரோம வெள்ளிக் காசுகளில் மிகப் பெரும்பாலானவை இரண்டே வகை. இரண்டும் இன்றைய பிரான்சின் லியோன் நகரில், அன்றைய லுக்துனும் அக்கசாலையில், அடிக்கப்பட்டவை. ஒன்று அகஸ்டஸின் காசு. அதன் பின்புறத்தில் அவர் தத்துப்பிள்ளைகளாக ஏற்ற பேரன்கள் கயஸும் லூசியஸும் நேர்முகமாக நிற்பார்கள். இருவருக்கும் இடையில் இரண்டு கேடயங்களும் ஈட்டிகளும், அவற்றுக்கு மேல் சடங்குக் கரண்டியும் வளைந்த கோலும் இருக்கும். மற்றொன்று திபேரியஸின் காசு. அதன் பின்புறத்தில் நாற்காலியில் ஒரு பெண் வலப்புறம் பார்த்து அமர்ந்திருப்பார். நீண்ட செங்கோல் ஒரு கையில், மரக்கிளை மறுகையில். அவரைத் திபேரியஸின் தாய் லிவியா என்று கொள்வோர் உண்டு; அமைதித் தெய்வம் என்போரும் உண்டு.

இந்த இரண்டையும் எவ்வளவு தேய்ந்தாலும் பிரித்துவிடலாம். அகஸ்டஸ் காசு மழுங்கினால் இரண்டு நட்ட தூண்களும் நடுவில் இரண்டு வட்ட மேடுகளும் மிஞ்சும். திபேரியஸ் காசு மழுங்கினால் நடுவில் ஒரே கட்டி. அதற்கு ஒரு பக்கத்தில் செங்குத்தாக ஒரு நெடுங்கோடு, கீழே நாற்காலிக் கால்கள். பார்ப்பதற்கு முன் காசை நேராக வைத்துக்கொள்ள வேண்டும். பலர் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு குழம்புகிறார்கள். உருவத்தின் காலடியில் தரையைக் குறிக்கும் கோடு இருக்கும். அதைக் கண்டுபிடித்துக் கீழே கொண்டுவாருங்கள். உங்கள் மூன்றாவது படத்தைத் திருப்பிப் பார்த்தபோது அந்தக் கோடும், அதன் மேல் நாற்காலியின் ஒரு காலும், நெடுங்கோட்டின் மேல்பாதியும் எனக்குத் தெரிந்தன. கட்டி ஒன்றுதான், தூண்கள் இல்லை.

அடுத்தது, நீங்கள் பெருக்கல் குறி என்று எழுதியது. அது லத்தீன் எழுத்தான ‘எக்ஸ்’. திபேரியஸ் காசின் பின்புறத்தில் ‘பொந்திஃப் மாக்சிம்’ என்று, தலைமைப் பூசாரி என்ற பட்டத்தைச் சுருக்கி, உருவத்துக்கு இரு பக்கமும் பிரித்துப் பொறித்திருப்பார்கள். ‘மாக்சிம்’ என்ற சொல்லில் அந்த ‘எக்ஸ்’ நடுநாயகமாக நிற்கும். அகஸ்டஸ் காசின் பின்புறத்தில் சுற்றிலும் அடியிலும் எவ்வளவோ எழுத்துகள் நெருக்கமாக இருந்தும், அவற்றில் பொதுவாக ‘எக்ஸ்’ இருப்பதில்லை. குறுக்கும் மறுக்குமாக இரண்டு கோடுகள் வெட்டிக்கொள்ளும் எழுத்து என்பதால் வளைந்த எழுத்துகள் மழுங்கிப்போன பிறகும் அது தப்பி நிற்கும். உங்கள் காசில் அதற்கு அடுத்து ஒரு நேர்க்கோடும், அதையடுத்து மலைச்சிகரம் போன்ற ஒரு மங்கலும் இருப்பதாக எனக்குப் படுகிறது. அவை ‘ஐ’, ‘எம்’ என்றால் ஐயமே இல்லை.

அதை நீங்களே உறுதிசெய்யலாம். இரவில் அறையின் விளக்குகளை அணைத்துவிட்டு, காசை ஒரு கறுப்புத் துணியின் மேல் வையுங்கள். கைவிளக்கை மேலிருந்து அடிக்காமல், மேசையோடு மேசையாகக் கிடத்திப் பக்கவாட்டில் ஒளி பாய்ச்சுங்கள். பிறகு காசை அசைக்காமல் விளக்கை மட்டும் மெல்லச் சுற்றி நகர்த்துங்கள். ஒரு கோணத்தில் ஒன்றுமே தெரியாத இடத்தில் மற்றொரு கோணத்தில் எழுத்தின் நிழல் எழும்பும். ஒவ்வொரு கோணத்திலும் கைபேசியில் ஒரு படம் எடுங்கள். உங்கள் மகனின் ஆர்வத்தை எலுமிச்சையிலிருந்து இந்தப் பக்கம் திருப்பிவிடுங்கள். இளங்கண்ணுக்கு இது மிகவும் ஏற்ற வேலை. நாற்காலிக் காலையும் அவனைக் கவனிக்கச் சொல்லுங்கள். வெறும் நேர்க்கோடாக இருந்தால் இந்த வகையின் தொடக்க வரிசை. கடைசல் பிடித்ததுபோல் அலங்காரமாக இருந்தால் அதற்குப் பிந்தையது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏறக்குறைய ஒரே வடிவத்தைத் திரும்பத் திரும்ப அடித்திருக்கிறார்கள் என்பதால் இப்படிப்பட்ட சின்ன வேறுபாடுகளைக் கொண்டுதான் உள்வரிசை பிரிக்க முடிகிறது.

பின்னால் வந்த பேரரசர்களின் காசுகளிலும் அமர்ந்த பெண் உருவம் உண்டே என்று யாராவது கேட்கலாம். உண்டுதான். ஆனால் அவை பெரும்பாலும் இடப்புறம் பார்ப்பவை, எடையும் குறைவு. ஹாட்ரியன் காலத்திலிருந்து, அதாவது 117இலிருந்து, பேரரசர்களின் முகத்தில் தாடி வந்துவிடுகிறது. உங்கள் காசின் தாடை வழித்த தாடை.

கன்னத்தில் இருக்கும் பிறை வடிவ வெட்டைக் குறையாக நினைக்க வேண்டாம். உள்ளே செம்பை வைத்து மேலே வெள்ளித் தகடு போர்த்திய கள்ளக் காசுகள் அந்தக் காலத்திலேயே புழங்கின. காசு மாற்றுகிறவர்கள் சிறு உளியால் ஒரு குத்து குத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பார்கள். சோதித்தது என்பதற்கு அடையாளமாகவும் முத்திரை இடுவார்கள். பிறை வடிவ முத்திரை ரோமக் காசுகளில் நன்கு தெரிந்த ஒன்று. அந்தக் குத்து விழுந்த இடத்தின் அடிப்பகுதி உங்கள் படத்தில் வெள்ளையாகவே இருக்கிறது. நல்ல அறிகுறி.

காதருகே தெரியும் சிவப்பைப் பற்றி ஒரு வார்த்தை. உள்ளிருக்கும் செம்பு கசிந்தாலும் அந்த இடம் சிவக்கும். பூஜைத் தட்டில் இருந்த காசு என்பதால் குங்குமமாகவும் இருக்கலாம். செம்பாக இருந்தால் பக்கத்தில் எங்காவது பச்சைக் களிம்பு பூத்திருக்கும். படத்தில் அப்படி எதுவும் இல்லை. உலர்ந்த, மிக மென்மையான தூரிகையால் ஒரே ஒரு முறை வருடிப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் குங்குமம். உதிராவிட்டால் விட்டுவிடுங்கள், நகத்தால் சுரண்ட வேண்டாம்.

இந்த ஐயத்தை முழுதாகத் தீர்க்க அடர்த்திச் சோதனை இருக்கிறது. காசுக்கு எந்தக் கேடும் வராது. கிராமில் இரண்டு தசம இடம் காட்டும் மின்னணுத் தராசில் ஒரு சிறு குவளையில் காய்ச்சி வடித்த நீரை வைத்து, அளவைச் சுழிக்குக் கொண்டுவாருங்கள். மெல்லிய நூலில் காசைக் கட்டி, அடியையும் பக்கத்தையும் தொடாமல் நீருக்குள் முழுதும் முங்கும்படி தொங்கவிடுங்கள். ஒட்டியிருக்கும் காற்றுக் குமிழிகள் போகட்டும். இப்போது தராசு காட்டும் எண்ணால் 3.41ஐ வகுத்தால் அடர்த்தி கிடைக்கும். தராசு 0.33 காட்டினால் விடை 10.3, நல்ல வெள்ளி. 0.38 காட்டினால் விடை 9க்கு அருகில்; உள்ளே செம்பு இருக்கிறது. அப்படியே இருந்தாலும் வருந்த வேண்டாம், அதுவும் பழங்காலக் கள்ளக் காசுதான்; ஆய்வாளருக்கு அதன் மதிப்பு குறையாது. முடிந்ததும் பருத்தித் துணியில் ஒற்றி எடுத்து நிழலில் உலரவிடுங்கள், தேய்க்காதீர்கள்.

நகைக்கடையில் செய்யும் வேறு சில சோதனைகளுக்கு இடம் கொடுக்காதீர்கள். உரைகல்லில் உரைப்பது, விளிம்பில் அரம் போடுவது, கல்லில் சுண்டிப்போட்டு ஓசை கேட்பது மூன்றும் ஆபத்து. நெடுங்காலம் மண்ணில் கிடந்த வெள்ளி உள்ளுக்குள் படிகம் படிகமாகப் பிரிந்து நொறுங்கும் தன்மை அடைந்திருக்கும், வெளிப்பார்வைக்குத் தெரியாது. கீழே விழுந்தால் இரண்டாக உடைந்துவிடவும் கூடும்.

காசின் மேல்விளிம்பில் சாம்பல் நிறத்தில் ஒரு துளி இருக்கிறது, கவனித்தீர்களா? சங்கிலிக்கு வளையம் வைத்தபோது ஆசாரி வைத்த பற்றாசு அது. தலைப்பக்கத்தைவிடப் பின்புறம் அதிகம் தேய்ந்திருப்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். உங்கள் மாமியாரின் சேலையில் உராய்ந்த பக்கம் அது. அந்தத் துளியை எடுத்துத் தருகிறேன் என்று யாராவது சூடு காட்ட முன்வந்தால் மறுத்துவிடுங்கள். அது அந்தக் காசின் வாழ்க்கையில் ஒரு பகுதி; இருக்கட்டும்.

போலி இல்லையா என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும். பைபிளில் வரி கொடுப்பது பற்றி இயேசுவிடம் கேட்டபோது காட்டப்பட்ட காசு இந்த வகைதான் என்று நெடுநாளாகக் கருதப்படுவதால், உலகச் சந்தையில் இதற்குக் கிராக்கி அதிகம். அதனால் நகல்களும் அதிகம். வார்ப்பு நகலில் விளிம்பைச் சுற்றி ஒரு மெல்லிய பொருத்துக்கோடும், பரப்பில் குண்டூசி முனை அளவு குழிகளும் இருக்கும். உங்கள் காசில் அவை தென்படவில்லை. அதைவிட, கிணறு வெட்டிய கதை பெரிய சான்று. உடுமலை வட்டாரத்துப் பூதிநத்தத்தில் ஒரே புதையலாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட தினாரியஸ்கள் கிடைத்திருக்கின்றன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842இல் ஐந்நூறுக்கும் மேல் கிடைத்தன. பொள்ளாச்சி, கரூர் என்று கொங்கு நாடு முழுவதும் இந்தக் காசுகள் வெளிப்பட்டிருக்கின்றன. மேற்குக் கடற்கரையில் இறங்கிய வணிகம் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் உள்நாட்டுக்கு வந்தது. படியூரின் பச்சைநிறப் பெரில் கற்களும், நொய்யல் கரையில் கொடுமணலின் கல்மணிப் பட்டறைகளும் அந்த வழியில்தான் இருக்கின்றன.

ஆகவே நான் உங்களிடம் மிகவும் வற்புறுத்திக் கேட்பது இதைத்தான்: காசைவிட அந்தக் கிணற்றின் விவரம் அரிது. திபேரியஸின் தினாரியஸ் உலகில் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. ஆனால் உங்கள் தோட்டத்துப் புதையல் எந்தப் பட்டியலிலும் ஏறியிருக்காது. மாமனார் இருக்கிறாரா என்று கடிதத்தில் இல்லை. இருந்தால் இன்றே பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். இல்லாவிட்டால் மாமியாரையும் ஊர்ப் பெரியவர்களையும் கேளுங்கள். எந்தக் கிணறு, சர்வே எண் என்ன, எத்தனை அடி ஆழத்தில், கலயம் கறுப்பா சிவப்பா, மூடி இருந்ததா, எத்தனை கைப்பிடி காசு, எல்லாவற்றிலும் ஒரே உருவமா, எந்தெந்த வீட்டுக்குப் போனது, எவ்வளவு உருக்கப்பட்டது. அவர்கள் சொல்கிற சொல்லிலேயே எழுதி, தேதி போட்டு, சொன்னவரின் கையெழுத்தும் வாங்கிவிடுங்கள்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மண்ணில் புதைந்திருந்து கிடைக்கும் பொருளின் மதிப்பு பத்து ரூபாய்க்கு மேல் இருந்தால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம். நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காசுகள் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். உரிமம் இல்லாமல் அவற்றை வாங்கி விற்கும் தொழில் செய்ய முடியாது, தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது. அதனால் இணையத்தில் விலை கேட்டுப் படம் போடுவதை நிறுத்திவையுங்கள். காலம் கடந்துவிட்டதே என்று தயங்காமல், தெரிந்த வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டி, ஆட்சியருக்கு ஒரு கடிதம் கொடுங்கள். நகல் ஒன்றை மாநிலத் தொல்லியல் துறைக்கும் அனுப்புங்கள். நகைக்கடைக்காரர் சொன்ன எடைக்கு எடை பேச்சை அத்தோடு விட்டுவிடுங்கள். அவர் கைக்குப் போனால் அது அன்று மாலையே மூசையில் உருகிவிடும்.

அதுவரை பாதுகாப்பு எளிது. பூஜைத் தட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். மஞ்சளும் குங்குமமும் கற்பூரப் புகையும் காசின் மேல் படிய வேண்டாம். ரப்பர் வளையமும் செய்தித்தாளும் வேண்டாம். பிளாஸ்டிக் வாசனை வீசும் மெத்தென்ற உறைகளில் பசை கசியும், அவற்றையும் தவிர்த்துவிடுங்கள். அமிலமற்ற வெள்ளைத் தாளில் மடித்து, வாய் இறுகிய டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலம் ஒன்றோடு வையுங்கள். எடுக்கும்போது விளிம்பை மட்டும் பிடியுங்கள்.

பக்க ஒளியில் எடுத்த படங்களையும் தராசு காட்டிய எண்ணையும் எனக்கு அனுப்புங்கள். நாற்காலிக் காலும் தரைக்கோடும் தெளிவாகத் தெரிந்தால் உள்வரிசையையும் சேர்த்து எழுதுகிறேன். ஆட்சியருக்குக் கொடுக்கும் கடிதத்தோடு அதை இணைத்துக்கொள்ளலாம். உங்கள் ஊரில் அதே கலயத்திலிருந்து போன வேறு காசு எந்த வீட்டிலாவது இருப்பதாகத் தெரியவந்தால், அவர்கள் அதைக் கழுவுவதற்கு முன் இந்தப் பதிலை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.